1861 அல்ல, 1877

அமெரிக்க அரசியல் கொந்தளிக்கும்போதெல்லாம், உள்நாட்டுப் போர் மூண்ட 1861 திரும்புகிறதா என்ற கேள்வி அங்கே எழுகிறது. 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றம் கூடும் கேபிடல் கட்டடத்துக்குள் கும்பல் புகுந்த பிறகு அந்தப் பேச்சு இன்னும் வலுத்தது. இந்த ஒப்பீடு பொருந்தாது என்பதே என் எண்ணம். அன்று நாட்டைப் பிளந்தது அடிமைமுறை. ஏறத்தாழ 35 லட்சம் மனிதர்களை உடைமையாக வைத்திருக்கும் உரிமைக்காக 11 மாநிலங்கள் பிரிந்துபோய்த் தனி அரசும் படையும் அமைத்தன. இன்றைய பிளவுக்கு அப்படி ஓர் எல்லைக்கோடு கிடையாது. ஒரே மாநிலத்துக்குள் நகரமும் கிராமமும் எதிரெதிராக வாக்களிக்கின்றன.

உற்றுப் பார்க்க வேண்டியது 1876 அதிபர் தேர்தலை. ஜனநாயகக் கட்சியின் சாமுவேல் டில்டன் மக்கள் வாக்கில் முந்தினார். ஆனால், அதிபரை முடிவுசெய்யும் தேர்வாளர் குழு வாக்கில் 184 பெற்றார், வெற்றிக்கு ஒன்றே குறைவு. கறுப்பின வாக்காளர்கள் மிரட்டப்பட்டும் கொல்லப்பட்டும் வந்த தென் கரோலினா, லூசியானா, ஃபுளோரிடா மாநிலங்களிலிருந்து ஒன்றுக்கொன்று முரணான முடிவுகள் வாஷிங்டனுக்குப் போயின. எதை எண்ணுவது என்று அரசியல் சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை. இதைத் தீர்க்க அமைக்கப்பட்ட 15 பேர் கொண்ட ஆணையம் கட்சிவாரியாகப் பிரிந்து, 8-க்கு 7 என்ற கணக்கில் குடியரசுக் கட்சியின் ரூதர்ஃபோர்டு ஹேய்ஸை அதிபராக்கியது. 1877 மார்ச்சில் அவர் பதவியேற்றார். அடுத்த மாதமே தென் கரோலினா, லூசியானா அரசுக் கட்டடங்களைக் காத்துநின்ற கூட்டாட்சிப் படை விலக்கப்பட்டது.

ஹேய்ஸுக்குப் பதவி, தெற்கிலிருந்து படை விலகல் என்ற இந்த ஏற்பாடு, மீண்டும் ஒரு போரைத் தவிர்த்த சமரசம் அல்லவா என்று கேட்கலாம். போர் வரவில்லை என்பது உண்மைதான். ஆனால், அந்த அமைதிக்கு விலை கொடுத்தவர்கள் கறுப்பின மக்கள்; அவர்களை யாரும் கலந்துகொள்ளவில்லை. வாக்குரிமை ஒரே நாளில் பறிபோகவும் இல்லை. லூசியானா 1898-இல் எழுத்தறிவு அல்லது சொத்து வாக்குக்குத் தகுதி என்று விதித்தது. 1896-இல் 1,30,000-க்கு மேல் இருந்த கறுப்பின வாக்காளர்கள் 1904-இல் 1,342 பேராகச் சுருங்கினார்கள். அத்தனையும் சட்டத்தின் பெயரால் நடந்தது என்பதுதான் கொடுமை.

இன்று காப்பு இருக்கிறதே என்ற வாதமும் உண்டு. தேர்வாளர் குழு வாக்குகளை எண்ணுவதற்கு 1887-இல் சட்டம் வந்தது; முடிவை மாற்றும் அதிகாரம் துணை அதிபருக்கு இல்லை என்று 2022-இல் அது தெளிவாக்கப்பட்டது. நல்ல திருத்தம். ஆனால், அது போட்ட வாக்கை மட்டுமே காக்கிறது. வாக்குச்சாவடிக்குள் யாரை விடுவது என்பது வேறு கேள்வி. அதற்கு அரணாக வந்த 1965 வாக்குரிமைச் சட்டத்தின்படி, பாகுபாட்டு வரலாறு கொண்ட மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்றக் கூட்டாட்சி அரசின் முன்னனுமதி பெற வேண்டியிருந்தது. எந்தெந்த மாநிலங்கள் என்று வரையறுத்த பிரிவை 2013-இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. அதற்கு மாற்றாக ஒரு வரையறையை நாடாளுமன்றம் இதுவரை நிறைவேற்றவில்லை.