சிலந்தியின் பந்தியில் உட்காரும் ஈ

பூசணிப் பூவுக்குள் சிலந்தி ஒன்று தேனீயைப் பிடித்து வைத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். சற்றுக் குனிந்து பார்த்தால், செத்த தேனீயின் மேல் கடுகளவு கறுப்பு ஈக்கள் நாலைந்து மொய்த்திருக்கும். தேனீயை அவை கொல்லவில்லை. சிலந்தியையும் தொடுவதில்லை. இரையின் உடலிலிருந்து கசியும் சாற்றை உறிஞ்சவே வந்திருக்கின்றன. பெரும்பாலும் பெண் ஈக்களே இப்படி வரும். பிடிபட்ட பூச்சி வெளியிடும் வாசனையே அவற்றுக்கு அழைப்பு. கும்பிடுபூச்சியின் இரையையும் விடமாட்டா. அழைக்காமலே வந்து முதற்பந்தியில் உட்காருபவர்கள் எல்லா ஊரிலும் உண்டுதானே!

2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மண் சரிந்ததைப் போன்ற அனர்த்தங்களால் லயத்தை விட்டு வந்து, புதுக் காணியில் போஞ்சியும் பூசணியும் போடும் நமக்கு ஈயைக் கண்டதும் பயம் வருகிறது. மருந்துப் போத்தலைத் தேடுகிறோம். இந்த ஈயோ பயிரைத் தின்பதில்லை. இதன் புழுக்கள் பெரும்பாலும் மக்கும் குப்பையிலும் சாணத்திலும் வளர்கின்றன. மருந்தடித்தால் சாவது ஈ மட்டுமல்ல. பூச்சி பிடிக்கும் சிலந்தியும் சாகும்.

தேயிலை மலைகள் இதை முன்பே அனுபவித்தவை. இலையைச் சுருட்டித் தின்னும் புழுவை அடக்க, 1930களில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது புழுவின் உடலில் முட்டையிட்டு அழிக்கும். நல்ல பலன் கிடைத்தது. பின்னர் கிளை துளைக்கும் வண்டுக்கு டில்ட்ரின் அடித்தபோது குளவி செத்தது. அடங்கியிருந்த இலைப்புழு மறுபடி பெருகியது. வண்டுக்கு அடித்த மருந்து புழுவுக்கு உதவிய கதை இது.

ஆனாலும் எல்லாச் சிறு ஈயும் அப்பாவி அல்ல. போஞ்சி ஈயும் கறுப்புத்தான், சிறிதுதான். அது இரையில் மொய்க்காது. இளம் போஞ்சி இலையில் உட்கார்ந்து, குத்தி முட்டையிடும். புழு இலைக்காம்பு வழியே தண்டுக்குள் இறங்கும். நாற்று மஞ்சளாகி வாடும். அடித்தண்டு வீங்கி வெடிக்கும். ஆகவே மருந்து வாங்கக் கடைக்குப் போகுமுன், வாடிய நாற்றில் ஒன்றைப் பிடுங்கி, மண்ணோடு ஒட்டிய பகுதியை நகத்தால் உரித்துப் பாருங்கள். தோலுக்கடியில் புழுவோ சிறு கூடோ இருந்தால் அது போஞ்சி ஈயின் வேலை. அந்நாற்றுகளைப் பிடுங்கி எரியுங்கள். மற்றவற்றுக்கு மண் அணையுங்கள், தண்டில் புது வேர் விடும்.