மூன்று மணிக்கு விழிக்கும் பால்காரர்

முன்வாசல் வழியாகப் போனால் பூச்சாடியையும் விருந்தினர் புத்தகத்தையும்தான் பார்க்க முடியும். வாருங்கள், சமையலறைப் பக்கமாக நுழைந்துவிடுவோம்! இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லம் இது. காலை முழுக்கத் தன் பின்னாலேயே சுற்றலாம் என்று மேலாளர் அனுமதி தந்துவிட்டார்!

மணி 7.45. அவர் அறையை எட்டிப் பாருங்கள். எப்போது சரியுமோ என்று நிற்கும் கோப்புகள், ‘யாருடையது?’ என்று எழுதிய டப்பாவில் காது மெஷின்கள், நாற்காலியில் தொங்கும் பிறந்தநாள் கிரீடம். இரவுப் பணி முடித்த நர்ஸ் கொட்டாவியை விழுங்கியபடி ஹேண்ட்ஓவர் சொல்கிறார். யார் தூங்கினார்கள், யாருக்குக் காய்ச்சல், யாரை எத்தனை முறை புரட்டிப் படுக்க வைத்தார்கள்...

“பன்னிரண்டாம் ரூம் தாத்தா மறுபடியும் மூணு மணிக்குக் கோட்டு மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னார்.”

மறதி நோய் உள்ளவர். “தூக்க மாத்திரை கேட்டுப் பார்க்கலாமா?” என்கிறார் புதிதாகச் சேர்ந்த பெண்.

“வேண்டாம். காலமெல்லாம் வீடு வீடாப் பால் போட்டவர், அந்த நேரத்துக்கு முழிப்பு வரத்தானே செய்யும்? காலி பாட்டில் கூடை ஒண்ணு வைப்போம். அவர் எடுத்துக்கிட்டு நடந்தா, நீங்களும் கூடவே நடங்க” என்கிறார் மேலாளர்.

எனக்குக் கைதட்டத் தோன்றியது!

சமையலறையில் ஒரே ஆவி. சமையல்காரர் நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு கரண்டியைச் சாய்க்கிறார். மசித்த கேரட் ஒரே கட்டியாகப் ‘பொத்’தென்று விழுகிறது. பதச் சோதனையில் பாஸ்! விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்காக உணவின் பதத்துக்கு 0 முதல் 7 வரை எண் உண்டு; இது 4. அதையே கேரட் வடிவ அச்சில் வார்த்துத் தட்டில் வைக்கிறார். மசியலுக்கும் ஓர் அழகு வேண்டுமாம்.

அழைப்புமணி. எல்லோரும் அப்படியே நிற்கிறார்கள். 2009 முதல் இங்கே இல்லங்களைச் சோதிக்கும் பராமரிப்புத் தர ஆணையம் சொல்லாமல் கொள்ளாமல் வரும். அந்த ஆணையத்தில் மேலாளரும் தன் பெயரைப் பதிவு செய்திருக்கிறார். குறை என்றால் சட்டப்படி அவரும் பதில் சொல்லியாக வேண்டும். கதவைத் திறந்தால், மீன்காரர்! சிரிப்பு அடங்கவே நேரமாகிறது.

ஷ்ஷ், ஒதுங்குங்கள். மருந்து வண்டியோடு நர்ஸ் வருகிறார். அவருடைய சிவப்பு மேலங்கியில் ‘குறுக்கே பேசாதீர்கள்’ என்று எழுதியிருக்கிறது.

இன்று ஓர் ஊழியர் வரவில்லை. மேலாளர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு டீ வண்டியைத் தள்ளுகிறார். பராமரிப்பாளராகச் சேர்ந்து, துணை மேலாளராகி, வேலைக்கு நடுவிலேயே தலைமைப் பணிக்கான ஐந்தாம் நிலை டிப்ளமோ முடித்தவர். ஜன்னலோரப் பாட்டிக்குக் கோப்பையில் முதலில் பால், அப்புறம்தான் டீ. மாற்றினால் கோப்பை திரும்பி வரும்! எந்தச் சீட்டையும் பார்க்காமல் ஒவ்வொருவருக்கும் ஊற்றுகிறார். டிப்ளமோவைவிட இந்த ஞாபகத்துக்குத்தான் நான் அதிக மார்க் போடுவேன்.

கூடத்தில் கூச்சல். டாமினோ ஆட்டத்தில் யாரோ ஒரு கட்டையை ஒளித்துவிட்டார்களாம்.

“தீர்ப்பு சொல்ல வாம்மா!” என்கிறது 92 வயதுக் குரல் ஒன்று. ஏப்ரனோடு ஓடுகிறார் மேலாளர். வாருங்கள், ஓடுவோம், திருடன் யாரென்று பார்த்துவிடலாம்!