வியக்கும் உள்ளம்

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கியதும் நம் இல்லங்களில் குடில் அமைக்கிறோம். மண்ணால் செய்த மாட்டையும் கழுதையையும் கண்டு நம் சிறுவர் கண் விரிய நிற்கின்றனர். நாமோ விழாச் செலவைக் கணக்கிட்டவாறே அப்பால் செல்கிறோம். அவ்வியப்பை நாம் எங்கே தொலைத்தோம்?

1223-ஆம் ஆண்டு, இத்தாலி நாட்டின் கிரேச்சோ என்னும் சிற்றூர். அங்கே அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் தீவனத் தொட்டியில் வைக்கோல் பரப்பி, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, கிறிஸ்து பிறப்பு இரவுத் திருப்பலிக்கு வழிசெய்தார். தியாக்கோனாகிய அவரே நற்செய்தியைப் பாடினார். பெத்லகேம் என்னும் பெயரை ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் ஒலித்து, அச்சொல்லின் இனிமையை நாவால் சுவைத்தார் என்று, அவர் வரலாற்றை முதன்முதல் எழுதிய செலானோ தோமாஸ் குறிப்பிடுகிறார். அப்போது பிரான்சிசுக்கு வயது 40-ஐக் கடந்திருந்தது!

கவலையற்றவர்க்கே இக்களிப்பு கைகூடும் என நாம் எண்ணலாம். அது தவறு. 1225-இல் கண்நோய் முற்றி, ஒளியையே தாங்க இயலாது இருளில் கிடந்தார் அவர். அந்நிலையில்தான் கதிரவனைச் சகோதரன் என அழைத்து, இறைவனைப் புகழும் பாடலை இயற்றினார். தம் கண்கள் தாங்காத ஒளியையும் தந்தையின் கொடையாகவே போற்றினார்.

துன்பத்திலும் தந்தையின் கையை விடாதிருப்பதே மெய்யான குழந்தை உள்ளம். சீடர் நடுவே ஒரு சிறு பிள்ளையை நிறுத்தி ஆண்டவர் கற்பித்த பாடமும் இதுவன்றோ?

குடிலின் முன் நம் சிறுவரோடு நாமும் சற்று நேரம் முழந்தாளிடுவோம். அவர்களுக்குச் செபம் கற்பிக்கும் நாம், அவர்களிடமிருந்து வியப்பைக் கற்போம்.