இணையத்திற்குத் தொலைபேசிக் கம்பியா, கேபிளா?

2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் தொடங்கிய நாட்களில் பெங்களூர்வாழ் நம்மவர் முன் நின்ற கேள்வி இது. டி.எஸ்.எல். தொலைபேசியின் செம்புக்கம்பி வழியே வருவது. அக்கம்பி உங்கள் வீட்டிற்கு மட்டுமே உரியது. ஆனால் தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு தள்ளிப்போகப் போக வேகம் குறையும். கேபிளையோ அண்டை வீட்டார் பலர் பங்கிட்டுக்கொள்வர். ஊரிலுள்ள பெற்றோரைக் குடும்ப ஜெபத்திற்கு அழைக்கும் இரவு ஒன்பது மணிக்கே நெரிசல் மிகும். இரண்டிலும் பொதுவாக அனுப்பும் வேகம் பெறும் வேகத்தினும் குறைவு. ஆகவே அம்மாவின் முகம் நமக்குத் தெளிவாய்த் தெரியும். பேரப்பிள்ளையின் முகமோ அவர்களுக்கு அசையாமல் நிற்கும். இன்று கண்ணாடியிழை கிடைக்குமிடத்தில் அதையே எடுங்கள். எதுவாயினும், ஓராண்டுப் பணத்தை முன்கூட்டியே கட்டுமுன், அதே கட்டடத்தில் குடியிருப்போரிடம் இரவு ஒன்பது மணிக்கு எப்படியிருக்கிறது என்று விசாரியுங்கள். வாடகை வீட்டார், வீடு மாறினால் இணைப்பும் உடன்வருமா என்றும் கேளுங்கள்.