பிறநாட்டு மாணவரும் வாரஇறுதிக் கூட்டுப் பயிற்சியும்

மேற்படிப்புக்காகக் கடல் கடந்து செல்லும் மாணவனுக்கு, பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் ஓரிரு மாதங்களுக்குள் ஓர் அறிவித்தல் கிடைப்பதுண்டு. வெள்ளிக்கிழமை மாலை வகுப்புகள் முடிந்ததும் பேருந்து புறப்படும். சனியும் ஞாயிறும் மலையடிவாரத்து விடுதி ஒன்றில் தங்கல். தடித்த காலணியும் மழையங்கியும் கொண்டுவருக. எல்லோரும் கலந்துகொள்வது அவசியம். அவ்வளவுதான் அதில் இருக்கும். ‘டீம் பில்டிங்’ என்று தலைப்பிட்ட அந்தத் தாளைப் பற்றி மாணவன் வீட்டுக்குச் சொல்லும்போது, காத்தான்குடியில் இருக்கும் வாப்பா கேட்கும் முதற் கேள்வி ஒன்றே: “படிக்க அனுப்பின பிள்ளைக்கு ஓடத்திலும் மலையிலும் என்ன வேலை மகன்?”

கேள்வி நியாயமானது. கடைவருமானத்தில் மிச்சம் பிடித்தும், காணித்துண்டை ஈடுவைத்தும் அனுப்பிய பணம் அது. உம்மாவின் அச்சமோ வேறு. உணவு என்னவாக இருக்கும், தொழுகைக்கு இடம் கிடைக்குமா, தண்ணீரில் இறக்குவார்களா என்பவை அவர் கவலைகள். இவ்விரு வினாக்களுக்கும் விடை காண, இப்பயிற்சி எங்கிருந்து வந்தது என்று சற்றே பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

இதன் பிறப்பிடம் விளையாட்டு மைதானமன்று, போர்க்காலக் கடல். இரண்டாம் உலகப் போரின்போது அத்திலாந்திக் சமுத்திரத்தில் பிரித்தானியக் கப்பல்கள் பல ஜெர்மானிய நீர்மூழ்கிகளால் தகர்க்கப்பட்டன. உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்தவர்களுள், உடல்வலிமை மிக்க இளம் மாலுமிகள் சோர்ந்து மடிய, பாய்க்கப்பலில் பழகிய முதியோர் பிழைத்து வருகின்றனர் என்று லாரன்ஸ் ஹோல்ட் என்ற கப்பல் நிறுவன உரிமையாளர் கருதினார். இளைஞரிடம் குறைந்தது தசைவலிமை அன்று, மனவுறுதியும் ஒருவரையொருவர் நம்பும் பழக்கமுமே என்பது அவருடைய துணிபு. அவரோடு கைகோத்தவர் கூர்ட் ஹான். 1886 இல் பெர்லினில் பிறந்து, இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட்டில் பயின்ற இவரும் ஒரு காலத்தில் பிறநாட்டு மாணவரே. தாய்நாட்டில் பள்ளி நடத்திய இவர், இட்லரை எதிர்த்தமையால் 1933 இல் சிறைப்பட்டு, விடுதலையானபின் பிரித்தானியாவுக்கு வந்து, ஸ்கொட்லாந்தில் கோர்டன்ஸ்டன் பள்ளியை 1934 இல் நிறுவினார். இருவரும் சேர்ந்து 1941 இல் வேல்ஸ் நாட்டின் அபர்டோவி என்னும் கடற்கரைச் சிற்றூரில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினர். ‘அவுட்வர்ட் பவுண்ட்’ என்று பெயரிட்டனர். துறைமுகம் விட்டு ஆழ்கடல் நோக்கிப் புறப்பட்ட கப்பலைக் குறிக்கும் மாலுமிகளின் சொல் அது.

அங்குப் பயிற்சி ஏறத்தாழ ஒரு மாதம் நீடித்தது. போர் முடிந்தபின் அம்முறை உலகெங்கும் பரவிற்று. மலாயாவில் லூமுட் என்ற இடத்தில் 1950களிலும், சிங்கப்பூரின் உபின் தீவில் 1967 இலும் இத்தகைய பள்ளிகள் தோன்றின. வணிக நிறுவனங்கள் தம் அலுவலரை அனுப்பின, பல்கலைக்கழகங்கள் பின்தொடர்ந்தன. ஒரு மாதம் ஒரு கிழமையாகி, ஒரு கிழமை இரண்டு நாளாகச் சுருங்கிற்று. இச்சுருக்கத்தில் இழப்பு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டு நாளில் எவனும் மாலுமியாவதில்லை.

இரண்டு நாளில் என்னதான் நடக்கிறது? எட்டு முதல் பன்னிரண்டு பேர் வரை ஒரு குழுவாகப் பிரிக்கப்படுவர். வெற்றுப் பீப்பாய்கள், கம்பங்கள், கயிறு ஆகியவற்றைக் கொடுத்து, ஒரு மணி நேரத்தில் தெப்பம் கட்டி ஏரியைக் கடக்குமாறு பணிப்பர். வரைபடமும் திசைகாட்டியும் தந்து காட்டுவழியே அனுப்புவர். பயிற்றுநர் அருகில் நிற்பார். ஆயினும் உயிருக்கு ஆபத்து நேராதவரை வாய் திறவார். முடிச்சு அவிழ்ந்து தெப்பம் பிரிந்தாலும் பார்த்துக்கொண்டே நிற்பார். மாலையில் எல்லோரும் வட்டமாக அமர்வர். அப்போதுதான் அவர் கேட்பார்: முடிச்சுத் தளர்ந்திருப்பதை முதலில் கண்டது யார்? கண்டவர் ஏன் சொல்லவில்லை? பாடம் இந்த வட்டத்தில்தான் இருக்கிறது. வட்டமின்றித் தெப்பம் மாத்திரம் கட்டிவிட்டுத் திரும்பும் பயிற்சி வெறும் உல்லாசப் பயணமேயாகும். அப்படிப்பட்டவையும் நாட்டில் மலிந்துள்ளன.

கூட்டு முயற்சி என்றால் வலிமை கூடும் என்பதே பொது நம்பிக்கை. பிரான்ஸ் நாட்டின் வேளாண் பொறியியலாளர் மக்ஸ் ரிங்கல்மான் இதனை அளந்து பார்த்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி, 1913 இல் அவர் வெளியிட்ட முடிவுகள் வியப்புக்குரியவை. ஒரு கயிற்றை ஒருவனாக இழுப்பவன் தன் முழு வலிமையையும் காட்டுகிறான். மூவர் இழுக்கும்போது ஒவ்வொருவர் பங்கும் நூற்றுக்கு 85 அளவுக்குக் குறைகிறது. எண்மர் இழுக்கும்போதோ ஏறத்தாழ நூற்றுக்கு 49 தான். அதாவது எட்டுப் பேர் சேர்ந்து நான்கு பேரின் வேலையையே செய்கின்றனர். இதற்குக் காரணம் இரண்டு. எல்லோரும் ஒரே கணத்தில் இழுப்பதில்லை என்பது ஒன்று. மற்றவன் இழுப்பான் என்று ஒவ்வொருவனும் சற்றே தளர்கிறான் என்பது மற்றொன்று. 1974 இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர், ஒருவனது கண்ணைக் கட்டி, பின்னால் பலர் இழுப்பதாக நம்பவைத்துத் தனியே இழுக்கவிட்டனர். அப்போதும் அவன் இழுவை குறைந்தது. இரண்டாவது காரணமும் மெய்யே என்பது அதனால் உறுதிப்பட்டது.

இதைப் படிக்கும் மட்டக்களப்பு வாசகர் புன்னகை புரியக்கூடும். கரைவலை இழுப்போர் இதனை எப்போதோ கண்டுகொண்டனர். அரைவட்டமாகக் கடலில் வளைத்துவிட்ட வலையின் இரு கயிறுகளையும் இரு அணியினர் கரையில் நின்று இழுக்கும்போது ஒருவன் அம்பா பாடுவான்; மற்றவர் பின்பாட்டுப் பாடுவர். பாட்டின் அடி முடியும் இடத்தில் எல்லாக் கால்களும் ஒரே வேளையில் மணலில் ஊன்றும். ரிங்கல்மான் கண்ட முதற் குறையைத் தாளம் நீக்குகிறது. தளர்ந்து நிற்பவன் தாளம் தவறுவதால் எல்லோர் கண்ணிலும் படுகிறான்; இரண்டாவது குறையும் பெரிதளவு நீங்குகிறது. வெளிநாட்டுப் பயிற்றுநர் இரண்டு நாள் முயன்று கற்பிக்க விரும்பும் ஒன்று, கரைவலைக் குடும்பத்துப் பிள்ளைக்கு ஐந்து வயதிலேயே கைவந்துவிடுகிறது. அண்மைக் காலத்தில் சில கரைகளில் உழவு இயந்திரமும் கயிறிழுக்கப் புகுந்தது. அதற்கு அம்பா தேவையில்லை.

எனினும் இதே பிள்ளை, பிறநாட்டில் அந்த வட்டத்தில் அமரும்போது பெரும்பாலும் வாய்மூடி இருக்கிறான். தளர்ந்த முடிச்சை முதலில் கண்டவன் அவனாகவே இருப்பான். தோணி கட்டும் கயிற்றை அறிந்தவன் அல்லவா? பெரியோர் பேசும்போது குறுக்கே பேசலாகாது என்று வீட்டில் வளர்ந்த பழக்கம் ஒருபுறம். ஆங்கிலம் தடுமாறுமோ என்ற நாணம் மறுபுறம். அவன் மரியாதையாகக் கருதும் மௌனத்தை, மற்றவர் கருத்தில்லாமை என்று கொள்கின்றனர். இத்தவறான மதிப்பீடு அந்த ஏரிக்கரையோடு முடிவதில்லை. ஆண்டு முழுவதும் அவனோடு ஆய்வுகூடத்தில் வேலை செய்யப்போகிறவர்கள் அவர்கள். “அந்த முடிச்சு நில்லாது” என்ற மூன்று சொல்லை உரிய நேரத்தில் சொல்வதற்கு இலக்கணம் பிழையற்ற ஆங்கிலம் வேண்டியதில்லை. கையால் சுட்டினாலும் போதும்.

பயிற்சியின் இன்னொரு முகம் கிழக்கிலங்கைக்கு மிக நெருக்கமானது. அதற்கு முசபர் ஷெரீப் என்பவரின் வரலாற்றை அறிதல் நலம். 1906 இல் துருக்கியில் இஸ்மீர் நகருக்கு அண்மையிலுள்ள ஓடெமிஷ் என்ற ஊரில் பிறந்தவர் இவர். 1919 இல் கிரேக்கப் படை அப்பகுதியில் இறங்கியபோது, தம் கண்முன்னே மனிதர் கொல்லப்படுவதைக் கண்ட சிறுவன். பின்னர் அமெரிக்கா சென்று ஹார்வர்டிலும் கொலம்பியாவிலும் பயின்றார். நேற்றுவரை அயலவராய் இருந்தோர் இன்று எங்ஙனம் பகைவராகின்றனர் என்ற வினா அவரைவிட்டு அகலவில்லை.

1954 இல் அமெரிக்காவின் ஒக்லகோமா மாநிலத்தில் ‘ராபர்ஸ் கேவ்’ என்ற பூங்காவில், முன்பின் அறியாத 22 சிறுவரைக் கொண்டு அவர் ஒரு முகாம் நடத்தினார். எல்லோரும் ஒரே சமயத்தவர், ஒரே நிறத்தவர், ஒத்த வசதியுடையோர். இரு அணிகளாக அவர்களைப் பிரித்து, ஒரு வாரம் தனித்தனியே வைத்தார். ஓரணி தன்னைக் கழுகுகள் என்றும், மற்றது விரியன்கள் என்றும் அழைத்துக்கொண்டது. பிறகு பந்தாட்டம், கயிறிழுத்தல் முதலிய போட்டிகள் வைத்துப் பரிசும் அறிவிக்கப்பட்டது. சில நாட்களுக்குள் கொடி எரிக்கப்பட்டது, குடில்கள் சூறையாடப்பட்டன. ஒரே மண்டபத்தில் உணவருந்தவும் ஒன்றாகப் படம் பார்க்கவும் வைத்துச் சமாதானம் செய்யப் பார்த்தார். உணவை ஒருவர் மேல் ஒருவர் வீசினரேயன்றிப் பயன் விளையவில்லை.

பின்னர் முகாமின் தண்ணீர் நின்றுபோயிற்று. நிறுத்தியவர் ஷெரீப்பின் ஆட்களே; சிறுவருக்கு அது தெரியாது. தாகத்தோடு இரு அணியினரும் தொட்டியைத் தேடிச் சென்று, அடைப்பை நீக்க மாறிமாறி முயன்றனர். மற்றொரு நாள் உணவு கொண்டுவரும் பாரவூர்தி கிளம்ப மறுத்தது. எந்தக் கயிற்றைப் பிடித்து எதிரெதிரே இழுத்தார்களோ அதே கயிற்றை வண்டியில் கட்டி, எல்லோரும் ஒரே பக்கம் நின்று இழுத்தனர். இப்படிச் சில நாட்கள் சென்றபின் பகை தணிந்தது. வீடு திரும்பும்போது ஒரே பேருந்தில் செல்ல அவர்களே விரும்பினர். வழியில் விரியன் அணியினர் தாம் பரிசாகப் பெற்றிருந்த ஐந்து டொலரைச் செலவிட்டு எல்லோருக்கும் பால்பானம் வாங்கிக் கொடுத்தனர்.

பிள்ளைகளை அறியாமையில் வைத்து நடத்திய இச்சோதனை இன்று கடுமையாகக் கண்டிக்கப்படுகிறது, கண்டனம் தகும். ஷெரீப் அதற்கு முந்திய ஆண்டு, 1953 இல், நியூயோர்க் மாநிலத்தில் நடத்திய முகாம் தோல்வியுற்றது என்பதும் அறியத்தக்கது. அங்குச் சிறுவர்கள் அணி பிரியுமுன்னரே நண்பராகிவிட்டனர். எவ்வளவு தூண்டியும் அவர்கள் ஒருவரோடொருவர் பகைக்கவில்லை. மாறாக, நடத்தியோர் மீதே ஐயம் கொண்டனர். வெற்றியெனப் புகழப்பட்ட இரண்டாவது முகாமைவிடத் தோல்வியெனக் கைவிடப்பட்ட முதலாவதே மேலான செய்தியைச் சொல்கிறது எனலாம்.

மட்டக்களப்பு வாவிக்கரையில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. கண்ணகி வழிபாட்டில் வடசேரி, தென்சேரி என இருபுறமாகப் பிரிந்து கொம்புமுறி விளையாடிய மக்கள், பிரிவின் வேகத்தையும் அறிவர், விளையாட்டு முடிந்தபின் ஒரே ஊராவதையும் அறிவர். ஆயினும் அண்மைய பத்தாண்டுகளின் துயரங்களால், ஆரையம்பதிப் பிள்ளையும் காத்தான்குடிப் பிள்ளையும் அயலூரில் வளர்ந்தும் நெருங்கிப் பேசாமலே பள்ளிப்படிப்பை முடிக்க நேர்வதுண்டு. அவ்விருவரும் முதன்முதலாக ஒரே கயிற்றைப் பிடிப்பது ஆறாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள ஓர் ஏரியில் என்றால், அதில் வருந்தத்தக்கதும் உண்டு, மகிழத்தக்கதும் உண்டு. அந்தக் குளிரில் தமிழில் பேச ஒருவன் கிடைத்தான் என்பதே இருவருக்கும் முதலில் தோன்றும்.

இனி உம்மாவின் கவலைக்கு வருவோம். உணவும் தொழுகையும் தீர்க்கக்கூடியவையே. பதிவுத்தாளில் உணவுமுறைக்கென ஒரு கட்டம் இருக்கும். ஹலால் என்றோ, கிடையாதெனில் மரக்கறி என்றோ புறப்படுமுன் எழுதிவிட வேண்டும். பேருந்தில் ஏறியபின் சொல்வதால் சமையற்காரருக்கும் சங்கடம், மாணவனுக்கும் பசி. தொழுகைக்குச் சிறிது நேரமும் ஒரு மூலையும் கேட்டால் மறுப்போர் அரிது. பயணிக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகையும் உண்டு. மாணவியாயின் தங்குமறை தனியோ என்று முன்னரே விசாரித்தல் உரிமை. அதில் நாணத்துக்கு இடமில்லை. இரவில் மது பரிமாறப்படும் இடத்துக்கு வர விருப்பமில்லை என்று சொல்வதால் நட்பு முறிவதில்லை. காலையில் எல்லோருக்கும் முன்னெழுந்து தேநீர் போட்டுக் கொடுப்பவனை எந்தக் குழுவும் விரைவில் மறப்பதில்லை.

தண்ணீரைப் பற்றிய அச்சம் மட்டும் உண்மையில் பொருட்படுத்தத்தக்கது. 1993 மார்ச்சில் இங்கிலாந்தின் லைம் குடாவில் சிறுபடகுப் பயிற்சிக்குச் சென்ற பள்ளி மாணவர் நால்வர் உயிரிழந்தனர். அதன் விளைவாக 1995 இல், பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு இத்தகைய பயிற்சி அளிக்கும் நிலையங்கள் அனுமதிப்பத்திரம் பெற வேண்டுமென அந்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. பல்கலைக்கழக மாணவன் அவ்வயதைக் கடந்தவன்; ஆகையால் கேள்வி கேட்கும் பொறுப்பில் ஒரு பங்கு அவனையே சாரும்.

வாவியில் நீந்தி வளர்ந்தவனுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. அது தன்னம்பிக்கை. வாவியின் நீர் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பானது. வட நாட்டு ஏரியின் நீரோ கோடையிலும் பதினைந்து பாகைக்குக் கீழே நிற்பதுண்டு. அதில் திடீரென விழுபவன், நீச்சலில் வல்லவனாயினும், முதல் ஓரிரு நிமிடம் தன்னையறியாமல் மூச்சை வாரி இழுக்கிறான். அவ்வேளை வாய் நீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குள் நீர் புகும். நீச்சல் தெரியாமையாலன்றி இந்த மூச்சுத் திணறலாலேயே பலர் மாள்கின்றனர். மிதவைச் சட்டையை இறுகக் கட்டியிருந்தால் அந்த இரண்டு நிமிடமும் அது தலையைத் தாங்கி நிற்கும். அதற்குப்பின் மூச்சு அடங்கிவிடும். விழுந்தவன் உடனே நீந்த முற்படாமல், மல்லாந்து மிதந்து, மூச்சு சீராகும்வரை காத்திருத்தல் வேண்டும். ஆகவே பதிவுத்தாளில் ‘நீந்தத் தெரியுமா’ என்ற வினாவுக்கு, ‘தெரியும், ஆனால் குளிர்நீரில் பழக்கமில்லை’ என்று எழுதிக் கையொப்பமிடுவதே சரி. வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் அந்தத் தாளின் பிரதி ஒன்றை அனுப்பிவைக்கலாம்.