லொறி ஏன் ஒரு கணம் தயங்குகிறது? டர்போ பற்றி அறிந்துகொள்வோம்

கல்முனைப் பக்கத்துக் கருவாடும் மருதமுனைக் கைத்தறிச் சாரமும் நமது தோட்டக் குடும்பங்களுக்குப் புதியவை அல்ல. அந்தக் கரையையும் மலையையும் இணைக்கும் பெரிய பாதை ஏ4 நெடுஞ்சாலை. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று, பொத்துவில், மொனராகலை, வெல்லவாய வழியாக வந்து, கொஸ்லந்த, பெரகல என்று ஏறுகிறது. கடல் மட்டத்தில் புறப்படும் லொறி அப்புத்தளைக்கு வரும்போது 1,400 மீற்றருக்கு மேல் ஏறியிருக்கும்.

இந்த ஏற்றத்தில் எஞ்சினுக்கு இரண்டு கஷ்டம். ஒன்று, சுமையை இழுக்க வேண்டும். மற்றது, மேலே போகப் போகக் காற்று மெலிந்துவிடும். அப்புத்தளையில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு. காற்றுப் போதாவிட்டால் அடுப்பில் எவ்வளவு விறகு வைத்தாலும் புகைதான் வரும். டீசலும் அப்படித்தான். வீட்டில் என்றால் ஊதுகுழலை எடுத்து ஊதுகிறோம். எஞ்சினுக்கு அந்த ஊதுகுழல்தான் டர்போ.

டர்போவுக்குள் ஒரே அச்சில் இரண்டு சிறு சக்கரங்கள் இருக்கின்றன. எஞ்சினிலிருந்து வெளியே பாயும் சூடான புகை முதல் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதோடு சேர்ந்து சுற்றும் மற்றச் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, எஞ்சினுக்குள் தள்ளுகிறது. வீணாகப் போகும் புகையே வேலை செய்கிறது! சிறிய டர்போக்கள் நிமிடத்துக்கு 1,00,000 தடவைக்கு மேலும் சுற்றும். சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பியூக்கி 1905இல் காப்புரிமை பெற்ற யோசனை இது.

அப்படியானால் தயக்கம் எதனால்? எஞ்சின் மெதுவாக ஓடும்போது புகை குறைவு, சக்கரமும் மெதுவாகவே சுற்றும். சாரதி திடீரென அக்சிலேட்டரை மிதித்தால், முதலில் புகை கூட வேண்டும். பிறகு சக்கரம் வேகம் பிடிக்க வேண்டும். அதன் பிறகே காற்று கூடும். ஸ்டோரில் பெரிய காற்றாடியின் சுவிட்சைப் போட்டவுடனே முழுக்காற்று வருகிறதா? இல்லையே. இங்கும் ஓரிரு விநாடி பிடிக்கும். பழைய லொறிகளில் காற்று வருமுன் டீசல் வந்துவிடுவதால், அந்த நேரம் கரும்புகை தள்ளும்.

"என்ன நானா, மிதிச்சும் இழுக்குதில்லையே?" என்றால், "கொஞ்சம் பொறு தம்பி, இப்ப டர்போ புடிக்கும்" என்று சாரதி சொல்வது இதைத்தான்.

வாகனம் ஓட்டும், ஓட்டப் பழகும் நமது பிள்ளைகள் கவனிக்க வேண்டியவை:

1. ஏற்றத்தில் முன்னால் போகும் பஸ்ஸை முந்தும்போது இந்த விநாடிகளையும் கணக்கில் எடுங்கள். வளைவில் எதிரே வாகனம் வந்தால் அந்த ஒரு விநாடிதான் உயிர்.
2. ஏற்றம் தொடங்குமுன்பே கியரைக் குறையுங்கள். எஞ்சின் வேகமாக ஓடினால் தயக்கம் குறையும்.
3. மலை ஏறி வந்தவுடன் எஞ்சினை நிறுத்தாதீர்கள். ஒரு நிமிடமாவது சும்மா ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் சூட்டில் டர்போவுக்குள் எண்ணெய் கருகி, அச்சு பழுதாகும்.
4. எஞ்சின் எண்ணெயைக் காலம் தவறாமல் மாற்றுங்கள். டர்போவுக்கும் அதே எண்ணெய்தான்.

பஸ்ஸில் போகும் நாமும், "சீக்கிரம் முந்துங்க" என்று சாரதியை அவசரப்படுத்தாமல் இருப்போம்.