ஒரே வாசல் கொண்ட கருமணிகள்

தென்னை மரத்தில் படர்ந்திருக்கும் வெள்ளைத் திட்டுகளைச் சுரண்டிவிடலாமா என்று வாசகி ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். வேண்டாம். அது நோயல்ல, பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் லைக்கன். மரத்திலிருந்து எதையும் அது உறிஞ்சுவதில்லை. ஒட்டிக்கொள்ள ஓரிடம் வேண்டும், அதற்குத்தான் பட்டை.

பட்டையோடு பட்டையாக ஒன்றிப்போகிற இந்த வகையில் எனக்கு மிகப் பிடித்தது பைரெனுலா ஹைபர்னிகா. அபூர்வமானது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலும், மழையும் கடற்காற்றும் ஓயாத காடுகளில், பெரும்பாலும் ஹேசல் மரங்களில் வாழ்கிறது. சாக்லேட்டில் போடுகிறார்களே, அந்தக் கொட்டையின் மரம். மஞ்சள் படலத்தில் கருமணிகள் கொத்துக் கொத்தாக நிற்பதால் 'கஸ்டர்டில் பிளாக்பெரி' என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள்.

அதே மரத்தில் இதன் உறவினங்களும் இருக்கும். எது எது என்று பிரித்தறிய முதலில் கைலென்ஸ் போதும். ஒவ்வொரு கருமணியும் வித்துகள் முதிரும் ஓர் அறை. மற்ற இனங்களில் மணிக்கு ஒரு துளை, உச்சியிலேயே இருக்கும். இதில் அப்படியில்லை. பல அறைகள் நெருங்கி நின்று, கழுத்தை உள்பக்கமாக வளைத்து, எல்லாம் ஒரே பொதுத் துளையில் வந்து திறக்கின்றன. நான் வளர்ந்தது ஒட்டுக்குடித்தன வீட்டில். தனித்தனி அடுப்பு, எல்லோருக்கும் ஒரே தெருவாசல். இந்தக் கொத்தின் படத்தை முதலில் பார்த்தபோது அந்த வீடுதான் நினைவுக்கு வந்தது.

உறுதி செய்ய நுண்ணோக்கி வேண்டும். உறவினங்களின் பழுப்பு வித்துகளில் நான்கு அறைகள் வரிசையாக இருக்கும். இதன் வித்திலோ குறுக்கும் நெடுக்கும் தடுப்புகள் ஓடி, சின்னச் சின்ன அறைகள் நிறைய.

பைரெனுலா பேரினத்தின் பெரும்பகுதி வெப்பமண்டலத்துக்குச் சொந்தம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வழவழப்பான பட்டையுள்ள மரங்களிலும் உண்டு. யானை பார்க்கப் போகிறவர்கள் அந்த மரங்களின் மேல் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அவர்கள் ஒரு நிமிடம் திரும்பிப் பட்டையைப் பார்த்தால் தேவலை.

மீண்டும் ஹேசலுக்கு வருவோம். பனியுகம் முடிந்த பிறகு, ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் அது ஸ்காட்லாந்தில் பரவியது. 2012இல் லைக்கன் ஆய்வாளர்களான பிரையன் காப்பின்ஸ், சாண்டி காப்பின்ஸ் இருவரும் இந்த ஹேசல் காடுகளுக்கென்றே ஒரு நூல் எழுதினார்கள். ஹேசலுக்கு ஒற்றை அடிமரம் கிடையாது. அடியிலிருந்து புதுத் தண்டுகள் வந்தபடியே இருக்கும், கிழட்டுத் தண்டுகள் சாயும். பழைய தண்டு விழுவதற்குள் லைக்கன் பக்கத்துத் தண்டில் குடியேறிவிடும். 'காட்டைப் புதுப்பிக்கிறோம்' என்று நல்லெண்ணத்தோடு எல்லாத் தண்டுகளையும் அடியோடு வெட்டுவதுதான் என்னை வருத்துகிறது. வெட்டிய மரம் மீண்டும் தழைக்கும். அதைக் காட்டித் திட்டம் வெற்றி என்பார்கள். புதுத் தண்டுகளில் குடியேற வேண்டிய லைக்கனோ வெட்டிய தண்டுகளோடு போய்விட்டிருக்கும்.